சுண்டல் அண்டாவில் வந்த சாளக்கிராமங்கள்

இதை நான் தப்பாகச் சொல்லிவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது. ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். சாம்பாரில் உப்புப் போட்டோமா இல்லையா என்று திரும்பத் திரும்ப மூடியைத் திறந்து பார்க்கிறவள், எதை முதலில் சொல்வது, எதைக் கடைசியில் சொல்வது என்று யாரும் எனக்குக் கற்றுக்கொடுக்கவில்லை. ஆனால் கரூரில் எங்கள் வாய்க்கால் மேட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கும் வைகுந்த நகர்க்காரர்கள் எல்லாரும் படித்தவர்கள். அவர்கள் இந்தக் கதையைச் சொன்னால் மலை வருகிறது, பனி வருகிறது, பெருமாள் வருகிறார், அவர்களுடைய பக்தி வருகிறது, சமையல்காரி மட்டும் வருவதில்லை. வந்தாலும் திருடியாகத்தான் வருகிறாள். அந்தச் சமையல்காரி நான். என் பெயர் பூவாயி.

சௌரிராஜன் என்று ஒரு யாத்திரைக்காரர் இருக்கிறார். வருஷா வருஷம் வைகுந்த நகரில் ஆள் திரட்டி நேபாளத்தில் இருக்கும் முக்திநாத்துக்குக் கூட்டிப்போவார். கோரக்பூர் வரைக்கும் ரயில், அப்புறம் பஸ், எல்லை தாண்டினால் மலை. வடக்கே போனால் சாப்பாட்டில் யார் கை பட்டிருக்குமோ என்ற கவலை அந்த ஜனங்களுக்கு மோட்சத்தைவிடப் பெரிது, ஆகவே அரிசி மூட்டை, புளிக்காய்ச்சல், அப்பளக்கட்டு, கேஸ் அடுப்பு, அண்டா என்று ஏற்றும்போது அந்த வரிசையிலேயே என்னையும் ஏற்றிக்கொள்வார்கள். மலையில் எல்லாரும் கோயிலைச் சுற்றிக் கொட்டும் நூற்றெட்டுத் தண்ணீர்த் தாரையில் குளித்துக்கொண்டு நிற்கும்போது நான் அண்டாவைக் காற்று அடித்துக்கொண்டு போகாமல் பிடித்துக்கொண்டு நிற்பேன். எனக்கு அதில் வருத்தமில்லை, குளிர்தான்.

மலையிலிருந்து இறங்கும் வழியில் ஆற்றோரமாகச் சாளக்கிராமக் கடைகள் இருந்தன. கருப்புக் கல், உள்ளே நத்தைபோல ஒரு சுருள், அதற்கு ஒரு வாய். அது பெருமாள். அதை விலைக்கு வாங்கக்கூடாது என்பது சாஸ்திரமாம். ஆகவே அன்றைக்கு யாரும் விலை பேசவில்லை. சம்பாவனை என்று தட்சிணை பேசினார்கள், கத்தரிக்காய்க்குப் பேசுவதைவிடக் கேவலமாகப் பேசினார்கள். இந்தப் பெருமாளுக்கு ஓரத்தில் உடைந்திருக்கிறது, அந்தப் பெருமாளுக்குச் சக்கரம் சரியில்லை, இவரை எடுத்துக்கொண்டால் சின்னவரைச் சும்மா கொடு என்று கேட்டார்கள், கடைக்கார அம்மாள் கம்பளிக்குள்ளிருந்து ஒரு கையை மட்டும் நீட்டி வாங்கிப் போட்டுக்கொண்டே இருந்தாள். பேரம் பேசாமல் வாங்கியது ஜவுளிக்கடைக் குடும்பத்து மருமகள் சுலோச்சனா மட்டும்தான். ஒரு கல்லை எடுத்தாள், பார்த்தாள், கேட்டதைக் கொடுத்துவிட்டாள். பஸ்ஸில் ஏறியதும் எல்லாருமாக அவளைப் பிடித்துக்கொண்டார்கள்.

"ஏன் சுலோச்சனா, இப்படிக் கேட்டதைக் கொடுத்து வாங்கிட்டு வந்திருக்கியே, பாவமில்லையா?" என்றார் வேதவல்லியம்மா. இவர் மின்வாரியத்தில் இன்ஜினீயராக இருந்து ஓய்வுபெற்ற ஆராவமுதனின் வீட்டுக்காரி.

"வாங்கணும்னு தோணுச்சு, வாங்கினேன். நீங்களும்தானே வாங்கினீங்க?"

"நானா? நான் வாங்கலை. சும்மா நின்னுக்கிட்டிருந்தேன். அவரே என்னைத் தேடி வந்துட்டார்."

அதைக் கேட்டதும் முன்சீட்டுக்காரரும் பின்சீட்டுக்காரரும் தங்களையும் பெருமாள் தேடிக்கொண்டு வந்ததாகச் சொன்னார்கள். பஸ் நெடுக அப்படியே பேச்சாக இருந்தது, யாரும் வாங்கவில்லை, எல்லாரிடமும் தானாக வந்திருக்கிறார், கடைக்கார அம்மாள் மட்டும் அங்கே ஏன் பணத்தை எண்ணிக்கொண்டிருந்தாள் என்று எனக்குக் கேட்கத் தோன்றியது.

எல்லைக்குக் கொஞ்ச தூரம் இருக்கும்போது எதிரே வந்த ஒரு பஸ்காரன் சௌரிராஜனிடம், பழங்காலத்துக் கல்லை வெளியே கொண்டுபோக விடமாட்டேன் என்கிறார்கள், பெட்டியெல்லாம் திறந்து பார்க்கிறார்கள், காகிதம் கேட்கிறார்கள் என்று சொல்லிவிட்டுப் போனான். அவ்வளவுதான், அதுவரை பாசுரம் பாடிக்கொண்டு வந்த பஸ் அப்படியே அடங்கிப்போனது. பெருமாள் கடத்தல் சரக்காக மாறுவதற்கு ஒரு பஸ்காரனின் வாய் போதுமாக இருந்தது.

மறுநாள் ரயிலில் சுண்டல் கொடுப்பதற்காக நான் அண்டாவில் கருப்புக் கொண்டைக்கடலை ஊறப் போட்டிருந்தேன். சௌரிராஜன் அதை வந்து பார்த்தார். பிறகு எல்லாரையும் பார்த்தார். ஆண்கள் மட்டும் ஒவ்வொருவராக வந்து தங்கள் வீட்டுக் கல்லை அண்டாவுக்குள் அமுக்கினார்கள், கருப்புக் கடலைக்குள் கருப்புக் கல், கண்ணுக்கே தெரியவில்லை. கடையில் யாருக்கும் நினைவு வராத சாஸ்திரம் இப்போது வந்துவிட்டது, பெண்கள் சாளக்கிராமத்தைத் தொடக்கூடாது, அதிலும் நான் பார்க்கவே கூடாது என்று என்னை ஜன்னல் பக்கம் திரும்பி உட்காரச் சொன்னார்கள். எல்லாம் போட்டு முடித்ததும் திரும்பச் சொல்லி அண்டாவை என் மடியில் வைத்தார்கள். தொடக்கூடாதாம், சுமக்கலாமாம்.

"ஐயா, கல்லோட கடலை ஊறினா ஒண்ணு மாத்தி ஒண்ணு கடிபட்டுப் பல்லு போயிருமுங்க" என்றேன். எனக்கு அப்போது அந்தக் கவலைதான்.

"உன் வேலையைப் பாரு பூவாயி" என்றார் சௌரிராஜன். பிறகு என் முன்சீட்டில் ஆராவமுதன் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, அண்டாவுக்குக் காது கிடையாது என்பதுபோலப் பேசினார்.

"மாட்டினா என்ன பண்றது?" என்று கேட்டார் ஆராவமுதன்.

"மாட்டினா அண்டா பூவாயியோடது. அவ உள்ள என்ன போட்டாளோ, நமக்கென்ன தெரியும்?"

"பாவமில்லையா?"

"என்ன பாவம்? கெட்டுப்போறதுக்கு அவளுக்கு ஒரு பேரா இருக்கு?"

என் மகள் ஈரோட்டில் ஓர் ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகியிருக்கவில்லை. அம்மா வெளிநாட்டு எல்லையில் கல் கடத்திப் பிடிபட்டாள் என்று யாராவது போன் பண்ணினால் அந்தப் பிள்ளை எந்த முகத்தோடு வார்டுக்குள் போகும் என்று நினைத்தேன், அண்டா மூடியை இரண்டு கையாலும் அமுக்கிப் பிடித்துக்கொண்டேன். அந்த நிமிஷத்திலிருந்து இந்தக் கதையில் எனக்கு இருந்தது ஒரே ஒரு வேண்டுதல்தான். பெருமாள் எங்கே வேண்டுமானாலும் போகட்டும், இந்தப் பழி என் மடியில் உட்காரக்கூடாது.

எல்லைச் சாவடியில் காக்கிச்சட்டைக்காரர் ஒருவர் ஏறினார். பெட்டியெல்லாம் பார்த்தார். அண்டாவைக் காட்டி இந்தியில் என்னவோ கேட்டார், பஸ்ஸில் இருந்த அத்தனை பேரும் ஒரே சமயத்தில் என்னைப் பார்த்தார்கள். நான் தலையாட்டினேன். அவர் கையை உள்ளே விட்டு ஒரு பிடி கடலையை அள்ளி, ஒன்றை வாயில் போட்டு மென்றார். கடக்கென்று சத்தம் வரும் என்று கண்ணை மூடிக்கொண்டேன். வரவில்லை. இன்னும் வேகவில்லை என்று சைகையில் சொல்லிவிட்டு இறங்கிப் போனார். பஸ் எல்லையைத் தாண்டியதும் திரும்பவும் பாசுரம் தொடங்கியது, முன்னைவிட உரக்க.

கோரக்பூர் சத்திரத்தில் விடிந்து மூடியைத் திறந்தபோது கடலை நன்றாக முளை கட்டியிருந்தது. கல்லும் முளை கட்டியிருந்தது.

கடலைக்கு ஒற்றை முளை, கல்லுக்குக் கொத்தாக. ஒவ்வொரு கல்லின் வாயிலிருந்தும் வாழைத்தண்டின் உள்நார்போல வெள்ளையாக, ஈரமாக, மெல்லிய கைகள் வெளியே வந்து கடலையை ஒவ்வொன்றாகத் தள்ளி இடம் பண்ணிக்கொண்டிருந்தன, கைகளுக்குப் பின்னால் ஓரமாக ஒரு கண் இருந்தது, அது என்னைப் பார்த்தது. நான் தண்ணீரைத் தொட்டு நாக்கில் வைத்தேன். கரித்தது. நான் இன்னும் உப்புப் போடவில்லை.

சௌரிராஜனைக் கூப்பிட்டேன். வந்து பார்த்தார். சமையல்காரி ஏதோ கெடுத்துவிட்டாள் என்றுதான் முதலில் சொன்னார், பிறகு எல்லாரும் வந்து கையெடுத்துக் கும்பிட்டார்கள், கும்பிட்டு முடிப்பதற்குள் சண்டை வந்துவிட்டது. யாருடையது எது என்று தெரியவில்லை. நன்றாக முளைத்தது தங்களுடையது, வாடினாற்போல இருந்தது பக்கத்து வீட்டுக்காரருடையது என்று எல்லாருமே அடையாளம் சொன்னார்கள்.

"எங்களோடதுக்குத்தான் கை நீளம். கடையிலேயே நான் கவனிச்சேன்" என்றார் வேதவல்லியம்மா.

"கடையில கையே இல்லையேம்மா" என்றாள் சுலோச்சனா.

சண்டையை அந்த ஜீவன்களே தீர்த்துவைத்தன. அண்டா விளிம்பில் ஏறி, யார் தங்களைக் கடையில் கையில் எடுத்து வாங்கினார்களோ அவர்களுடைய விரலைத் தேடிப் பிடித்துக்கொண்டன. தவறு ஒன்றுகூட நடக்கவில்லை. வேதவல்லியம்மாவின் விரலில் ஒன்று, சுலோச்சனாவின் விரலில் ஒன்று. தனக்கு ஒரே ஒரு பெருமாள்தான் வந்தார் என்று சொல்லியிருந்த சௌரிராஜனின் கை முழங்கை வரை நிறைந்துவிட்டது. ஊருக்குப் போய் விற்பதற்காக வாங்கியவை அத்தனையும் ஏறிக்கொண்டிருந்தன. அவர் சட்டைக்கையை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"பார்த்தீங்களா, என்னை அவருக்குத் தெரியுது" என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். பெண்கள் தொடக்கூடாது என்ற சாஸ்திரம் அந்தக் காலையோடு காணாமல் போனது, யாரும் அதைத் தேடவில்லை.

கரூர் வந்து சேர்ந்ததும் ஸ்டேஷனிலிருந்தே மேளம் வைத்தார்கள். வைகுந்த நகரில் வாசலுக்கு வாசல் கோலம் போட்டார்கள், பூஜையறையில் வெள்ளிச் சிம்மாசனத்தை எடுத்துவிட்டு வாளி வைத்தார்கள், வாளிக்குப் பட்டு ஜரிகை கட்டினார்கள், மளிகைக்கடையில் கல்லுப்பு வந்திறங்குவதற்கு முன்பே தீர்ந்துபோனது, தொட்டி மீன் விற்கிற கடையில் காற்றுக்குமிழ் விடும் மிஷினை எல்லாரும் வாங்கி அதற்குக் குங்குமம் வைத்தார்கள், பௌர்ணமியன்று வாளிகளில் தண்ணீர் தானாக ஏறித் தரையெல்லாம் வழிந்தது என்று முதல் மாதம் பிளம்பரைக் கூப்பிட்டுத் திட்டினார்கள், இரண்டாம் மாதத்திலிருந்து பௌர்ணமிக்கு முதல் நாளே பழைய வேட்டியைச் சுருட்டி வாளியைச் சுற்றி வைத்துவிட்டுத் தூங்கப் போனார்கள், மாடியில் துணி காயப்போட்டால் கடற்காற்றில் பிசுபிசுக்கிறது என்று ஒரு வீட்டம்மா சலித்துக்கொண்டபோது எங்கள் வீட்டிலும் அப்படித்தான் என்று எதிர்வீட்டம்மா பெருமையாகச் சொன்னார், கடல் இருக்கும் இடத்துக்கும் கரூருக்கும் எத்தனை ஊர் நடுவில் இருக்கிறது என்பதை அங்கே ஒருவரும் யோசித்துப் பார்க்கவில்லை.

சாப்பாடுதான் பிரச்சினை ஆனது. துளசி போட்டார்கள், தொடவில்லை. சர்க்கரைப் பொங்கல், தயிர்சாதம், பாதாம் ஊறவைத்து அரைத்தது, எதையும் தொடவில்லை. கைகள் துவண்டு, கண் மங்கி, நாளுக்கு நாள் வாடிக்கொண்டு வந்தன. என்னைக் கூப்பிட்டு, நீ கைப்பக்குவத்தில் ஏதோ குறை வைக்கிறாய் என்றார்கள். நான் வீடு வீடாகப் போய்ப் பொங்கல் கிண்டினேன். வாளிக்குள்ளிருந்து அந்தக் கண் என்னையும் பொங்கலையும் பார்த்துவிட்டுத் திரும்பிக்கொள்ளும்.

ஒரு நாள் சுலோச்சனா வீட்டு வாளி காலியாக இருந்தது. தரையில் ஈரத்தடம் போனது. நானும் அவளும் அதன் பின்னாலேயே போனோம். தெருவைத் தாண்டி, நகரின் மதில்மேல் ஏறி இறங்கி, வாய்க்கால் மேட்டில் மீன்கடைக்காரியின் கூடைக்குள் போய் முடிந்தது தடம். அது கூனி இறாலை இரண்டு கையால் அள்ளி அள்ளித் தின்றுகொண்டிருந்தது. மீன்கடைக்காரி விசிறியால் ஈ ஓட்டிக்கொண்டே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உங்களோடதுங்களாம்மா? ரொம்பப் பசியோட வந்துச்சு. எத்தனை நாளாப் பட்டினி போட்டீங்க?"

சுலோச்சனா ஒரு நிமிஷம் மதிலைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு புடவைத் தலைப்பை விரித்து, "இன்னும் கொஞ்சம் போடுங்க" என்றாள்.

அந்தச் செய்தியை யாரும் யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் மறுநாளிலிருந்து வைகுந்த நகரம்மாக்கள் ஒவ்வொருவராக, பின்வாசல் வழியாக, என்னை மெதுவாகக் கூப்பிட்டார்கள்.

"பூவாயி, அந்தப் பக்கம் ஏதோ உலர்ந்த சாமான் விக்கிறாங்களாமே?" என்று கேட்டார் வேதவல்லியம்மா.

"கருவாடுங்களா?"

"பேரெல்லாம் எதுக்கு இப்போ? நைவேத்தியப் பொடின்னு சொல்லேன்."

"எவ்வளவுங்க வேணும்?"

"கொஞ்சமா. பெருமாளுக்கு மட்டும்தான். பக்கத்து வீட்டுல கேட்டா வெந்தயம்னு சொல்லு."

பக்கத்து வீட்டம்மாவும் வெந்தயம் என்றுதான் சொல்லச் சொன்னார். அந்த மாதம் வைகுந்த நகருக்கு நான் சுமந்த வெந்தயத்தில் ஒரு மீன்பிடிப் படகையே நிரப்பியிருக்கலாம். முட்டை வாடை வருகிறது என்று வாடகைக்காரரைக் காலி பண்ணச் சொன்ன நகர் அது. வாளிகளில் எல்லாம் திரும்பவும் தெம்பு வந்தது, கைகள் ஜரிகையை இழுத்து விளையாடின, நகர் முழுக்க நாகப்பட்டினம் துறைமுகம்போல மணந்தது. நகர் சங்கத்தில் கூட்டம் போட்டார்கள். ஆராவமுதன்தான் தலைவர். நாற்றம் எங்கிருந்து வருகிறது என்று வெகுநேரம் ஆராய்ந்து, வாட்ச்மேன் குழந்தைவேலின் தூக்குச்சட்டியிலிருந்து வருகிறது என்று ஒருமனதாகத் தீர்மானம் போட்டு அவரை வேலையை விட்டு நிறுத்தினார்கள். குழந்தைவேல் அப்போது சபரிமலைக்கு மாலை போட்டிருந்தார். தூக்குச்சட்டியில் மோர்சாதம் இருந்தது. அவர் அதைத் திறந்துகூடக் காட்டினார்; எல்லாரும் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள்.

அன்றைக்கே எனக்குப் புரிந்துவிட்டது, அடுத்தது நான்தான் என்று.

அதற்கு ஏற்பாடு பண்ணியதும் சௌரிராஜன்தான். அடுத்த வருஷ யாத்திரைக்கு ஆள் சேர்க்க, உயிருள்ள சாளக்கிராமம் என்று தன் வீட்டு வாளியை வீடியோ எடுத்து எல்லாருக்கும் அனுப்பினார். அது சுற்றிச் சுற்றி ஏதோ ஓர் இலாகாவின் அதிகாரிகள் கைக்குப் போய்ச் சேர்ந்தது. நாளைக் காலையில் வருகிறோம், எல்லை தாண்டிக் கல் கொண்டுவந்தது யார் என்று விசாரிக்க வேண்டும் என்று சங்கத்துக்குப் போன் வந்தது.

சாயங்காலம் சௌரிராஜன் என் வீட்டுக்கு வந்தார். அதற்கு முன்பு வந்ததே இல்லை. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"பூவாயி, ஒரு சின்ன உதவி. நேபாளத்துல கடலை வாங்கினேன், அதுல கல்லும் சேர்ந்து வந்துடுச்சுன்னு சொல்லிடு."

"கடலை கரூர்ல வாங்கினதுங்க ஐயா."

"அது அவங்களுக்குத் தெரியவா போகுது? நீ பொம்பளை, படிக்காதவ. பாவம்னு விட்டுடுவாங்க."

"விடலைன்னா?"

"விடலைன்னா நாங்கெல்லாம் இல்லையா?" என்றார். எங்கே இருப்பார்கள் என்று சொல்லவில்லை.

"எம்பொண்ணு இப்பத்தானுங்க வேலைக்குச் சேர்ந்திருக்கா."

"அவளுக்கு எதுக்குச் சொல்றே? பூவாயி, எங்க பக்கம் இருந்து பாரு. நாங்கெல்லாம் மரியாதையா வாழுறவங்க."

காலையில் பால் வாங்கிக்கொண்டு வந்து பார்த்தால் என் வாசலில் வாளிகள் வரிசையாக இருந்தன. ஜரிகையைக் கழற்றிவிட்டு, குங்குமத்தைத் துடைத்துவிட்டு, காற்று மிஷினைப் பிடுங்கி வைத்துக்கொண்டு பெருமாளை மட்டும் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். தேடி வந்த பெருமாளை இப்படித்தான் திருப்பி அனுப்பினார்கள். நான் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டேன். அதிகாரி வந்து பார்த்தால் இனி யாரும் ஒன்றும் சொல்லவே வேண்டாம், அத்தனையும் என் வாசலில். உட்கார்ந்த இடத்திலிருந்து வாளிகள் என் கண்ணுக்கு நேராக இருந்தன. விளிம்பில் எழுத்துகள் தெரிந்தன.

நம் ஜனங்களுக்குப் பாத்திரம் வாங்கினால் கடையிலேயே பேர் வெட்டாமல் தூக்கம் வராது. ஆராவமுதன் வேதவல்லி திருமண நினைவாக. சௌரிராஜன், வைகுந்த நகர், மூன்றாம் தெரு. ஜவுளிக்கடை வீட்டு வாளியில் சுலோச்சனாவின் மாமியார் பேர். எல்லாரும் பெருமாளிடமிருந்து குங்குமத்தைத் துடைத்தார்கள், வாளியில் தங்கள் பேரைத் துடைக்க ஒருவருக்கும் தோன்றவில்லை.

வாளிகளிலிருந்து எல்லாவற்றையும் அண்டாவில் ஊற்றினேன். அது சௌரிராஜனின் அண்டா, கழுவுவதற்காக என்னிடமே கிடந்தது. வாளிகளை உள்ளே வைத்துக் கதவைப் பூட்டினேன். அண்டாவைத் தள்ளுவண்டியில் ஏற்றி நகர் வாசலுக்குத் தள்ளிக்கொண்டு போனேன். வண்டி குலுங்கியதில் தெரு நெடுக உப்புத்தண்ணீர் சிந்தியது. ஜீப் அதற்குள் வந்து நின்றிருந்தது. ஓர் அம்மா அதிகாரி, கூட இரண்டு பேர். சங்கத்துக்காரர்கள் வெள்ளை வேட்டியில் நின்றிருந்தார்கள்.

"இவதான் மேடம். இப்பக்கூட அண்டாவோட வர்றா பாருங்க" என்றார் சௌரிராஜன்.

அதிகாரியம்மா அண்டாவை எட்டிப் பார்த்தார். அவர் முகத்தில் பெரிய மாற்றமில்லை. "கோடிக்கணக்கான வருஷத்துக்கு முன்னாடி அந்த மலையிருக்கிற இடத்துல கடல் இருந்துச்சு, அப்போ இருந்தது இதெல்லாம்" என்று கூட இருந்தவரிடம் சொன்னார். பிறகு என்னிடம், "நீங்க வாங்கினதாம்மா?" என்று கேட்டார்.

நான் என்ன சொன்னாலும் தப்பாகத்தான் வரும் என்று எனக்குத் தெரியும்.

"எனக்குச் சொல்லத் தெரியாதுங்க. இவங்களெல்லாம் யாரும் வாங்கலை, தானாத் தேடி வந்துச்சுன்னு சொல்லுவாங்க. எப்படி வருதுன்னு நீங்களே பாருங்க" என்று சொல்லி அண்டாவைத் தெருவில் கவிழ்த்தேன்.

தண்ணீர் ஓடி வடிந்தது. கொஞ்ச நேரம் எல்லாம் சுருண்டு கிடந்தன. பிறகு ஒவ்வொன்றாகக் கையை நீட்டி, தரையைத் தடவிப் பார்த்து, முதுகுக் கல்லோட்டைத் தூக்கிக்கொண்டு கிளம்பின. முதல் தெருக்காரர் வீட்டுக்குப் போவது முதல் தெருவில் திரும்பியது, இரண்டாம் தெருக்காரருடையது அடுத்த தெருவில் திரும்பியது, சௌரிராஜனுடையவை கூட்டமாக மூன்றாம் தெருவுக்குப் போயின. அதிகாரிகள் பின்னால் நடந்தார்கள், அவர்களுக்குப் பின்னால் வெள்ளை வேட்டிக்காரர்கள் நடந்தார்கள், ஊர்வலம்போல இருந்தது, மேளம் மட்டும் இல்லை.

ஆராவமுதன் வீட்டு வாசற்படியில் ஒன்று ஏறி நின்றது. வேதவல்லியம்மா கதவைத் திறந்தார். அது ஒரு கையை அவருடைய விரலை நோக்கி நீட்டியது.

"இது உங்களோடதா?" என்றார் அதிகாரியம்மா.

வேதவல்லியம்மா தன் கணவரைப் பார்த்தார். அவர் மாடித் தொட்டியைப் பார்த்தார்.

"இல்லைங்க. இது என்னன்னே எங்களுக்குத் தெரியாது" என்றார் வேதவல்லியம்மா. கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டார்.

நீட்டிய கை கொஞ்ச நேரம் அப்படியே இருந்தது. பிறகு மடங்கி உள்ளே போனது. கண் மூடிக்கொண்டது. வெயில் பட்டு ஈரம் உலர்ந்தது, படியில் ஒரு கருப்புக் கல் கிடந்தது. அதிகாரியோடு வந்தவர் அதை எடுத்துச் சாக்கில் போட்டார்.

வீடு வீடாக அப்படித்தான் நடந்தது. எங்களுடையது இல்லை, தெரியாது, பார்த்ததே இல்லை, பக்கத்து வீட்டில் கேளுங்கள். ஒவ்வொரு வாசலிலும் ஒரு கை மடங்கியது, சாக்கு கனத்துக்கொண்டே போனது. சௌரிராஜன் ஓடிப்போய்க் கிரில் கேட்டைச் சாத்தினார்; அவருடையவை கேட்டின்மேல் கொடிபோல ஏறின, அவர் உள்ளிருந்து "எனக்குச் சம்பந்தமில்லை" என்று சொல்லச் சொல்ல ஒவ்வொன்றாகக் கல்லாகிப் பொத்துப்பொத்தென்று அவர் வாசலிலேயே விழுந்தன. அதிகாரியம்மா அந்தக் குவியலையும் அவரையும் பார்த்துவிட்டு, கொஞ்சம் ஜீப்பில் ஏறுங்கள், ஆபீஸ் வரைக்கும் போய்ப் பேசுவோம் என்றார்.

கடைசியில் ஜவுளிக்கடை வீடு. சுலோச்சனாவின் மாமியார் வாசலை அடைத்துக்கொண்டு, இல்லை என்று சொல்ல வாயெடுத்தார். சுலோச்சனா அவரைத் தாண்டிக்கொண்டு வந்து படியில் உட்கார்ந்து, அதைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

"என்னுது. நான்தான் காசு கொடுத்து வாங்கினேன்" என்றாள். "காலையில வாளியைக் காணோம்னு தேடிக்கிட்டிருக்கேன்."

அது அவள் விரலைப் பிடித்துக்கொண்டது. அதிகாரியம்மா கூட இருந்தவரோடு வெகுநேரம் பேசினார். கல்லைக் கொண்டுவந்தால் என்ன செய்ய வேண்டும் என்று அவர்களிடம் சட்டம் இருந்தது, ஆனால் இது கல் இல்லை. உயிர் என்றால் எந்த உயிர் என்று எழுத அவர்களுக்குப் பேர் தெரியவில்லை. "நல்லாப் பார்த்துக்குங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள். அது இன்னும் இருக்கிறது. சுலோச்சனா பட்டப்பகலில் மீன்கடைக்கு வந்து கூனி வாங்கிக்கொண்டு போகிறாள், பையை மறைப்பதுகூட இல்லை.

அன்றைக்கு அண்டாவைக் கவிழ்த்தபோது நான் இரண்டு அடி பின்னால் நகர்ந்து நின்றேன், ஏதாவது ஒன்று தப்பி என் பக்கம் வந்துவிட்டால் என்ன செய்வது என்று உயிரே இல்லை. ஒன்றுகூட வரவில்லை. ரொம்ப நிம்மதியாக இருந்தது. அத்தனை தூரம் மடியில் சுமந்தவளிடம் ஒன்றுகூட வரவில்லையே என்பது வீட்டுக்குப் போய்க் கால் கழுவும்போதுதான் தோன்றியது. தோன்றியதும், சரி, நான் வாங்கவில்லையே என்று சொல்லிக்கொண்டேன்.

சௌரிராஜன் சீக்கிரமே திரும்பி வந்துவிட்டார். புதிதாக ஒரு சமையல்காரரை வைத்துக்கொண்டு இந்த வருஷமும் யாத்திரை போகிறார். வைகுந்த நகர்க்காரர்கள் அந்தக் கதையைத் தங்களுக்குப் பிடித்த மாதிரி சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். சமையல்காரியின் கை பட்டதால்தான் பெருமாள் கோபித்துக்கொண்டு கல்லாகிவிட்டார் என்று ஒரு கதை, அவள்தான் கடத்தினாள் என்று ஒரு கதை. என் மகளுக்குப் போன் பண்ணிச் சொல்லப்போவதாகவும் ஒருவர் சொன்னாராம்.

ஆகவே நான் வாளிகளைத் திருப்பிக் கொடுக்கவில்லை. சுலோச்சனா வீட்டு வாளியை மட்டும் அன்றைக்கே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டேன். மற்றதெல்லாம் என் கட்டிலுக்கு அடியில் கவிழ்த்து வைத்திருக்கிறேன், தண்ணீர் பிடிப்பதில்லை, உள்ளே உப்புப் பூத்திருப்பதைத் தேய்ப்பதில்லை, பேர் இருக்கும் பக்கத்தை மட்டும் ஈரத்துணியால் துடைத்து வைக்கிறேன். என்னைப் பற்றி யாராவது ஏதாவது சொன்னார்கள் என்று காதில் விழுந்தால் அவர்கள் வீட்டு வாசலில் போய் நின்று, நாலு பேருக்குக் கேட்கிற மாதிரி ஒன்றே ஒன்று கேட்பேன்.

"ஏனுங்கம்மா, உங்க வாளி ஒண்ணு எங்கிட்ட இருக்குது. கொண்டாந்து தரட்டுங்களா?"

இதுவரை யாரும் கொண்டுவரச் சொன்னதில்லை.